மூன்று தரம் அளப்பவர்

இந்த விடயத்தில் என் பெயர் இழுபடுவதற்கு முன்னர் ஊரில் எனக்கிருந்த நிலையை முதலிற் சொல்லிவிடுகிறேன். படுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாக இருந்து வருகிறது. நான் கல்லூரியொன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணிதம் கற்பித்துப் பிரதி அதிபராக ஓய்வு பெற்றவன்; சமாதான நீதவான். பிறப்புச் சான்றிதழாயினும் காணி உறுதியாயினும், அதன் பிரதி உண்மையானது என்று நான் கையொப்பமிட்ட பின்னரே எங்கள் ஊரிலிருந்து கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போகும். எழுபது வயது கடந்தும் சைக்கிள் ஓட்டுபவன். "சேருக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்று ஊர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்; வருத்தமென்றால் இங்கே நோய். அந்தப் பேச்சை நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், வாவியோரக் கிராமங்களில் உயர் குருதி அமுக்கம் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்பதை அறிய ஓர் ஆய்வுக் குழு வந்தது. ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஒத்துழைப்புக் குழுவை அமைத்தார்கள். எங்கள் ஊர்க் குழுவுக்கு நான் தலைவன். அளப்பதற்கென்று அவர்கள் அனுப்பியவரைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். பெயர் எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று கேட்டதற்கு, "எங்கட படிவத்திலயே ஆக்கள்ர பேர் இல்ல சேர், இலக்கம்தான். எனக்கு மட்டும் என்னத்துக்குப் பேர்?" என்று சொல்லிவிட்டார்.

ஆசுபத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். தாதியரை மிஸ்ஸி என்று அழைப்பது இங்கு வழக்கம். அவரையும் அப்படியே அழைத்தோம். வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையிலிருந்து தினமும் காலையில் பாதையில் வந்து இறங்குவார். பாதை என்பது வாவியைக் கடக்கும் மிதவைப் படகு. கையில் ஒரு குடை, தோளில் ஒரு பை. பைக்குள் அமுக்கமானியும், மெலிந்த கைக்கு ஒன்று, நடுத்தரக் கைக்கு ஒன்று, பருத்த கைக்கு ஒன்று என மூன்று கைப்பட்டிகளும், ஓர் அளவுநாடாவும் இருக்கும். எந்தக் கைக்கு எந்தப் பட்டி என்பதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க மாட்டார். ஒவ்வொரு கையின் சுற்றளவையும் நாடாவால் அளந்த பிறகே பட்டியைத் தொடுவார்.

முதல் நாள் சனசமூக நிலையத்தில் அவரை வரவேற்கத் தேநீரும் வடையும் ஒழுங்கு செய்திருந்தேன். அவர் அவற்றைப் பார்க்கவில்லை. கதிரைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் இருந்து, சாய்ந்து, எழுந்தார்.

"இந்த வாங்குக்கு முதுகு இல்ல சேர். சாய ஏலாட்டி இலக்கம் கூடும். அந்த மேசை பதிஞ்சு கிடக்கு. கை நெஞ்சு மட்டத்துக்கு வரவேணும்."

நூலக அலுமாரியிலிருந்து இரண்டு தடித்த புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்து, அவற்றின்மேல் தம் கையை நீட்டிப் பார்த்துத் திருப்தியடைந்தார். அதன் பின்னரே தேநீர். அப்போது அது ஆறிவிட்டது. அந்தப் பெண்மணி மரியாதை தெரியாதவர் என்று அன்று நான் என் மனைவியிடம் கூறினேன். அக்கருத்தை இங்கே திரும்பப் பெறுகிறேன்.

அவருடைய ஒழுங்கு இதுதான். வீட்டுக்குப் போனதும், தேநீர், வெற்றிலை, சுருட்டு எதுவும் வாய்க்குட் போய் அரை மணித்தியாலம் ஆகிவிட்டதா என்று கேட்பார். ஆகாவிட்டால் காத்திருப்பார். வந்தவருக்கு முன் வெற்றிலைத் தட்டை வைத்துத் தாமும் ஒரு வாய் போடுவதே உபசாரம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த ஒரு வாய்க்காக அவர் அரை மணித்தியாலம் வேலியோரம் குடை பிடித்து நின்றதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பிறகு ஆளைச் சாய்த்து இருத்தி, இரு பாதங்களையும் நிலத்தில் ஊன்றச் செய்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கவைப்பார். ஒரு முறை வட்டைக்குள், வயற்காவற் குடிசையில் ஒருவரை அளக்க நேர்ந்தபோது, சாய்வதற்கு எதுவும் இல்லையென்று இரண்டு நெல் மூட்டைகளை அடுக்கி அவர் முதுகுக்குக் கொடுத்தார்.

அளப்பது மூன்று தரம். முதல் இலக்கத்தை எழுதுவார். ஆனால் ஆய்வின் கணக்குக்கு அதைச் சேர்ப்பதில்லை. பட்டி இறுகும்போது எவருக்கும் நெஞ்சு சற்றுத் துணுக்குறும் என்பது காரணம். இரண்டாவதினதும் மூன்றாவதினதும் சராசரியே ஏற்கப்படும். அது மேல் இலக்கத்தில் நூற்று நாற்பதையோ கீழ் இலக்கத்தில் தொண்ணூறையோ தொட்டால் ஆய்வில் அவர் உயர் குருதி அமுக்கம் உள்ளவர். "இது ஆய்வுக்குரிய சொல்லு. ஒரு நாள் அளந்து நான் உங்கள நோயாளி எண்டு சொல்லமாட்டன். கிளினிக்கில போய் வேற நாளையிலயும் அளந்து பாருங்க" என்று எல்லா வீட்டிலும் ஒரே வாசகத்தைச் சொல்வார்.

அளப்பது மூன்று தரமானாலும், கேட்பது ஒரு தரம்தான். படிவத்திலுள்ள கேள்வியை உள்ளபடி வாசிப்பார். சொன்ன விடையை எழுதுவார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று ஒருபோதும் சொல்லமாட்டார். காரணம் கேட்டேன்.

"ரெண்டாம் தரம் கேட்டா, முதல் சொன்னது பிழை எண்டு நான் சொல்லிக்குடுக்கிற மாதிரி. மறுகா சனம் எனக்குப் பிடிச்ச விடையத் தேடும்."

முப்பத்து நான்கு வருடம் மாணவர்களிடம் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டு வேண்டிய விடையை வரவழைத்தவன் நான். எனக்கு இது புதிய பாடம்.

இந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்பதை அவர் ஒரு நாள் பாதைக்குக் காத்திருக்கையில் சொன்னார். பழைய நாளில் வார்ட்டில் நாற்பது கட்டில்கள், இரண்டு தாதியர். விடியற்காலைச் சுற்றில் பாதிப் பேருக்கு அளக்காமலே நூற்றிருபது, எண்பது என்று எழுதிவிடுவார்களாம்.

"முழு வார்ட்டுக்கும் ஒரே பிரஷர் சேர்! கட்டிலுக்குத் தலைமாட்டில எழுதினதப் பாத்தா அவ்வளவு சுகம். ஆளப் பாத்தாத்தான் வருத்தம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு அப்படி எழுதப்பட்ட நோயாளி ஒருவர் அன்று மத்தியானமே கட்டிலிலிருந்து விழுந்து, ஒரு பக்கக் கைகால் வழங்காமற் போனதையும் சொன்னார். அதைச் சிரிக்காமற் சொன்னார்.

காத்தான்குடிப் பக்கம் ஒரு நெசவாளர் வீட்டுக்கு அவருடன் நான் போனதும் நினைவிலிருக்கிறது. அந்த ஊர்க் குழுவின் அழைப்பின்பேரிற் சென்றேன். நெசவாளருக்குத் தறி இழுத்து இழுத்துப் பருத்த கை. பெரிய பட்டியே பொருந்தியது. சராசரி நூற்றிருபத்தாறு. மனிதர் மகிழ்ச்சியோடு எழுந்தார். ஆனால் குருதி அமுக்கத்துக்கான மாத்திரையை, எங்கள் பேச்சிற் குளிசையை, ஆறு வருடமாகக் குடித்து வருவதாக அவர் சொல்லியிருந்தபடியால், மிஸ்ஸி அவரை உயர் குருதி அமுக்கம் உள்ளவர் பக்கத்தில் அடையாளமிட்டார். ஆய்வின் வரைவிலக்கணம் அப்படி: இலக்கம் கூடியவரும் உள்ளவர்தான், இலக்கம் இறங்கியிருந்தாலும் அதற்காகக் குளிசை குடிப்பவரும் உள்ளவர்தான். நெசவாளர் கோபித்துக்கொண்டார்.

"என்ன மிஸ்ஸி செல்றீங்க? டொக்டரே நல்லமெண்டு செல்றாரு. உங்கட மிசினும் நல்லமெண்டு செல்லுது. நீங்க மட்டும் என்னய வருத்தக்காரனாக்கிட்டீங்க!"

"காக்கா, உன்னிச்சைக் குளத்துத் துருசுக் கதவப் பூட்டினா வாய்க்கால்ல தண்ணி வராது. அதுக்காகக் குளத்தில தண்ணியில்ல எண்டு எழுத ஏலுமா?" என்று கேட்டார் மிஸ்ஸி. அங்கே அண்ணனைக் காக்கா என்றே அழைப்பார்கள்.

"அப்ப குளிசைதான் துருசா?"

"ஓம். நல்லாப் பூட்டி வெச்சிருக்கீங்க. 'கட்டுப்பாட்டில் உள்ளது' எண்டு அதுக்கும் ஒரு வரி இருக்கு. அதிலயும் எழுதுறன்."

உள்ளேயிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது: "துருசப் பூட்டுறது நான் மிஸ்ஸி! இவரு எங்க நெனப்பாக் குடிக்காரு? பேர் மட்டும் அவருக்கு!"

நெசவாளரும் சிரித்துவிட்டார். நான் அன்று அந்த உவமையை வெகுவாகப் பாராட்டினேன். அது எனக்கும் பொருந்தும் என்பதை அறிந்தே பாராட்டினேன் என்பதையும் சொல்லவேண்டும். ஏனெனில், அப்போது இரண்டு வருடமாக நானும் குளிசை குடித்து வந்தேன். மாதத்தில் ஒரு நாள் ஓய்வூதிய வேலையாகப் பட்டணத்துக்குப் போவதாக ஊருக்குச் சொல்லி, அங்கே ஒரு தனியார் வைத்தியரிடம் காட்டி வாங்கி வருவேன். என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

எங்கள் ஊரில் ஆய்வு தொடங்குவதற்கு முதல் நாள் நான் ஒரு பிழை செய்தேன். கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்தல் கொடுத்தேன். எந்தெந்த வீடுகள் தெரிவாகியுள்ளன என்பதைச் சொல்லி, "நமது கிராமத்தின் நற்பெயரை மனத்திற் கொண்டு அனைவரும் தக்கவாறு ஆயத்தமாக இருக்கவும்" என்று முடித்தேன். பரீட்சைக்கு முன் மாணவர்களுக்குச் சொல்லிப் பழகிய வாய். மக்கள் ஆயத்தமாகிவிட்டார்கள். சிலர் உப்பை நிறுத்தினார்கள். சிலர் முருங்கையிலைச் சாறு குடித்தார்கள். வாவியில் இறால் வடித்துப் பிடிக்கும் ஒரு முதிய அம்மா, முற்றத்தில் மிஸ்ஸியைக் கண்டு எழுந்தவர், அப்படியே தலைசுற்றி நிலத்தில் இருந்துவிட்டார்.

"என்னம்மா செய்யிது?" என்று மிஸ்ஸி கேட்டாராம்.

"ஒண்டுமில்ல மகள். சேர் ஊர்ப் பேரக் காப்பாத்தச் சொன்னாரெல்லோ. நாளைக்கும் நாளையிண்டைக்கும் உள்ள குளிசையயும் சேத்துக் குடிச்சிட்டன்."

மிஸ்ஸி அவரைக் கிடத்திக் கால்களை உயர்த்தி, முச்சக்கர வண்டியில் ஆசுபத்திரிக்கு அனுப்பிவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். அந்த அம்மா மறுநாள் சுகமாகத் திரும்பினார். ஆனால் அன்று மிஸ்ஸியின் முகத்தில் நான் கண்டதை இலகுவில் மறக்கமாட்டேன்.

"சேர், இது சோதினை இல்ல. எனக்குத் தேவை சனத்தின்ட சாதாரண நாள். நீங்க எனக்குத் திருவிழா நாளத் தந்திட்டீங்க."

"நான் நல்லெண்ணத்தில்..."

"அது எனக்குத் தெரியும் சேர். ஆனா இண்டைக்கு அளந்த எந்த இலக்கமும் இந்த ஊரின்ட இலக்கம் இல்ல. இத வெச்சுத்தான் இஞ்ச கிளினிக் வேணுமா, குளிசை எவ்வளவு வேணும் எண்டு சொல்லப்போறாங்க. இலக்கம் பொய்யெண்டா, வாற குளிசையும் குறையும்."

அன்று பின்னேரம் நானே ஒலிபெருக்கியின் முன் நின்று, முன்னைய அறிவித்தல் பிழையானது, எல்லோரும் வழமை போல உண்டு, வழமையான குளிசையை வழமையான நேரத்திற் குடித்து, கேட்பதற்கு உண்மையைச் சொல்லவேண்டும் என்று அறிவித்தேன். என் வாழ்நாளில் பகிரங்கமாக நான் பிழையென்று ஒப்புக்கொண்டது அது முதற்றடவை. அந்த வீடுகளை இரண்டு வாரம் கழித்து மீண்டும் அளந்தார்.

அதற்கிடையில் அடுத்த தெரிவுப் பட்டியலில் என் வீடும், வீட்டில் நானும் வந்தோம். தெரிவு சீட்டெடுப்பது போன்றது. அதில் தலைவரென்ற விதிவிலக்குக் கிடையாது. ஊருக்கு முன்மாதிரியாக இருக்கட்டும் என்று படலையைத் திறந்து வைத்தேன். கோயில் வண்ணக்கர் உட்பட நான்கைந்து பேர் விறாந்தைக்கு வந்திருந்தார்கள். வண்ணக்கர் கோயில் நிருவாகத்தைப் பார்ப்பவர். எனக்கு இளமைத் தோழர். சொல்லுக்குச் சொல் பகிடி விடுபவர்.

முழுக்கைச் சேட்டின் கையை மடித்துக்கொண்டு இருந்தேன்.

"மடிச்சா கை இறுகும் சேர். சேட்டக் கழட்டுங்க."

"கழட்டுங்க சேர், கழட்டுங்க," என்றார் வண்ணக்கர். "நாப்பது வருசமா நாங்க பாக்காத நெஞ்ச இண்டைக்காவது பாப்பம்!"

கழற்றினேன். ஆய்வின் முக்கியத்துவம் பற்றி வந்திருந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லத் தொடங்கினேன்.

"சேர், கதைக்கப்படாது. அஞ்சு நிமிசம்."

ஐந்து நிமிடம் கதைக்காமல் இருந்தேன். மூன்று தரம் அளந்தார். மேல் இலக்கம் நூற்று நாற்பத்தெட்டு, நூற்று முப்பத்து நான்கு, நூற்று முப்பத்திரண்டு. கீழ் இலக்கம் மூன்று தரமும் எண்பதுக்குச் சற்று மேல். சராசரி நூற்று முப்பத்து மூன்று. பிறகு மிஸ்ஸி படிவத்தைப் புரட்டிவிட்டு, "இனி உள்ளதுகள் தனியக் கேக்கிற கேள்விகள் சேர். இவங்க கொஞ்சம் அங்கால போனா நல்லம்" என்றார்.

"எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. கேளுங்கள்."

அவர் வாசித்தார்: "கடந்த இரண்டு வாரத்தில் உயர் குருதி அமுக்கத்துக்காக மருந்து உட்கொண்டீர்களா?"

"இல்லை," என்றேன்.

எழுதினார். அடுத்த கேள்விக்குப் போனார். கதவடியில் நின்ற என் மனைவி உள்ளே போய்விட்டார். "சேருக்கு இரும்புக் கை!" என்று வண்ணக்கர் சொல்ல, எல்லோரும் எழுந்து போனார்கள்.

ஆட்கள் போன பிறகு என் மனைவி வந்தார். அவர் அதிகம் பேசுபவர் அல்லர்.

"ஊருக்கு மைக்கில உண்மை சொல்லச் சொல்லிப்போட்டு, நீங்க சொன்னது நல்ல வடிவு."

"அது என் சொந்த விடயம்."

"உங்கட சொந்த விசயமெண்டா உங்கட கையெழுத்தில வெச்சிருக்கலாமே. அந்த மனிசிட கையெழுத்துக்குக் கீழயெல்லோ உங்கட பொய்ய வெச்சு அனுப்பிட்டீங்க. அவ உங்கள நம்பித்தானே ஒப்பம் வெச்சா."

மற்றவர்களின் தாளை உண்மையென்று அத்தாட்சிப்படுத்துபவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சேட்டை அணிந்துகொண்டு சைக்கிளை எடுத்தேன்.

பாதையடிக்குப் போனபோது பிற்பகல் நான்கு மணி. பாதை அக்கரையில் நின்றது. மிஸ்ஸி மரநிழலில் அன்றைய படிவங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி, பட்டணம் போவதற்காக வண்ணக்கரும் நின்றார். அவர் காதில் விழாதபடி தாழ்ந்த குரலிற் சொன்னேன்.

"என் விடையொன்றில் திருத்தம் உண்டு. நான் குளிசை குடிக்கிறேன். இரண்டு வருடமாக."

அவர் வியக்கவுமில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. என் படிவத்தை எடுத்தார். "அழிப்பான் இருந்தால் அழித்துவிடலாமே," என்றேன்.

"அழிக்கப்படாது சேர். அழிச்சா நான் என்னத்த மறைச்சன் எண்டு கேப்பாங்க. ஒரு கோடு போடுவம். பழசும் தெரியவேணும், புதுசும் தெரியவேணும்."

'இல்லை' என்பதன் குறுக்கே ஒற்றைக் கோடு இழுத்து, 'ஆம்' என்று எழுதி, பக்கத்தில் நேரத்தையும் தம் சுருக்கொப்பத்தையும் இட்டார். நான் வெயிலை மறைத்து அருகில் நின்றேன்.

"நான் அப்போது பொய் சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததா?"

"தெரியா சேர். நான் கையத்தான் அளக்கிறன்."

பாதை வந்தது. குடையை மடக்கிக்கொண்டு ஏறிப்போனார்.

வண்ணக்கர் கண்டது இவ்வளவுதான்: ஆய்வுப் படிவத்தில் மிஸ்ஸி கோடு போட்டதையும், பக்கத்தில் நான் நின்றதையும். அடுத்த வாரம் ஊர் முழுவதும் ஒரு கதை இருந்தது. சேரின் உண்மையான இலக்கம் கூடிவிட்டதாம். பாதையடி வரைக்கும் துரத்திப் போய்க் குறைப்பித்தாராம். மிஸ்ஸியும் பெரிய மனிதருக்கு வளைந்து கொடுத்தாராம். அந்தக் கதையை மறுப்பதானால் குளிசையை வெளியே சொல்லவேண்டும். நான் சொல்லவில்லை. என்னைப் பற்றிய கதைதானே, தானாகத் தேய்ந்துவிடும் என்று நான்கு ஆண்டுகள் பேசாதிருந்தேன். அது அவரைப் பற்றிய கதையும்தான் என்பதை நினைக்க மறுத்தேன்.

இப்போது வாவியைச் சுற்றிப் புதியதோர் ஆய்வு தொடங்கவிருக்கிறது. அளப்பவர்களைப் பயிற்றுவிக்க மிஸ்ஸியை அழைக்கலாம் என்று எங்கள் குழுக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, வண்ணக்கர் எழுந்து, "மனிசி நல்லவதான். ஆனா பெரியாக்கள்ர இலக்கத்துக்குக் கோடு போடுறவ எண்டு சனம் கதைக்கிதே" என்றார். சபையில் ஒருவரும் மறுக்கவில்லை. தலைமைக் கதிரையில் இருந்தவன் நான். அன்று கூட்டத்திற் சொன்னதையே எங்கள் நூலக மலரிலும் எழுதித் தருகிறேன். வாயாற் சொன்னது வண்ணக்கரிடமிருந்து வேறு வடிவத்தில் வெளியே போகும் என்பதை நான் அறிவேன்.

வண்ணக்கர் சொல்வது சரியன்று. என் இலக்கங்கள் மூன்றும் முதலில் எழுதப்பட்டபடியே உள்ளன. ஒன்றிலும் கோடு இல்லை. மாற்றப்பட்டது ஒரு விடை. மாற்றச் சொன்னவன் நான். அந்த ஆய்வின் கணக்கில் நான் உயர் குருதி அமுக்கம் உள்ளவன்.